தண்ணீருக்கான கட்டம்

நகத்தைப் பார். மருதாணி போட்டால் அழுக்குத் தெரியாது என்று நினைக்கிறாள். இந்த விரலால் கோழிக்குத் தவிடு குழைத்தாள், இதே விரலால் என் பிள்ளையின் கன்னத்தைக் கிள்ளினாள், இனி இதே விரலை மேலே உயர்த்தி எனக்கு ஈமானை, இறைநம்பிக்கையைப் பற்றிச் சொல்லித் தருவாள்.

நிஸ்ரின் இதில் ஒரு சொல்லைக்கூட வெளியே விடவில்லை. “மதினி, தேத்தண்ணி ஊத்தட்டா?” என்று மட்டும் கேட்டாள்.

கலியாணம் முடித்த பதின்மூன்று வருடமும் அவள் இப்படித்தான் இருந்தாள். உள்ளே ஓடுவது வெறுப்பு என்று அவள் நினைக்கவில்லை. ஒருவரை வெறுப்பதென்றால் அவரைக் கொஞ்சமாவது பெரிதாக எண்ண வேண்டும். இது இளக்காரம். புருசனின் மூத்த சகோதரி றிஸானா வாசலில் கதிரை போட்டு அமரும்போதெல்லாம் அது தானாக ஊறும். அதை யாரும் பார்க்கவில்லை என்பதில் நிஸ்ரினுக்கு ஒரு சுகமும் இருந்தது.

அன்று ஞாயிறு, மருந்து ஏறும் நாள். எட்டு வயது றிம்ஸான் பாயில் மல்லாந்து கிடந்தான். வயிற்றின் இரண்டு பக்கத்திலும் தோலுக்கடியில் மெல்லிய ஊசிகள், அவற்றிலிருந்து போகும் குழாய், மூக்குக் கண்ணாடிக் கூடு அளவிலான ஒரு பம்ப். அது ‘டிக் டிக்’ என்று மருந்தைத் தள்ளிக்கொண்டிருந்தது. ஊசி குத்துமுன் நிஸ்ரின் முழங்கை வரை சவர்க்காரம் போட்டு, மனதுக்குள் அறுபது எண்ணிக் கழுவியிருந்தாள். பாலாவி உப்புக் கொட்டிலில் பைக்கற் அடைக்கிற கை. விரல் இடுக்கெல்லாம் வெடித்திருந்ததால் சவர்க்காரம் பட்டதும் எரிந்தது.

“இண்டைக்கு எத்தின பேர்ர ரெத்தம்?” என்றாள் றிஸானா.

“ரெத்தம் இல்ல மதினி. ரெத்தத்துல இருந்து பிரிச்சு எடுக்கிற சாமான்.”

“எத்தின பேர்ர எண்டுதான் கேட்டன்.”

“ஆயிரம் பேருக்கு மேல எண்டுதான் சொன்னாங்க.”

“யா அல்லாஹ். ஆயிரம் பேர். அதுல குடிகாரன் எத்தின, பண்டி திண்டவன் எத்தின. அவ்வளவும் இந்தப் பச்ச மண்ட ஒடம்புக்குள்ள.”

“மாமி,” என்றான் றிம்ஸான் படுத்தபடியே, “அதுல ஒருத்தனாவது கிரிக்கெட் விளாடுறவனா இரிப்பான். எனக்கு அவன் போதும்.”

நிஸ்ரினுக்குச் சிரிப்பு வந்தது. றிஸானா சிரிக்கவில்லை. எதையோ ஓதி, பிள்ளையின் நெற்றியில் ஊதினாள். முந்தைய வாரம் அவளுக்குத் தடிமன், மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. தடிமன் பிடித்த வாயால் ஊதுகிறாளே என்று நினைத்தாள் நிஸ்ரின். மூன்று வாரமாக அந்தப் பிள்ளைக்கு வயிற்றோட்டம் வேறு. மூன்று கிலோ இறங்கிவிட்டது. புத்தளத்தில் இரண்டு தடவை மலம் சோதித்துவிட்டு ஒன்றுமில்லை என்றார்கள். மூன்றாவதைக் கொழும்புக்கு அனுப்பியிருந்தார்கள்.

றிம்ஸானின் உடம்புக்கு நோயை எதிர்க்கும் சாமானைச் செய்யத் தெரியாது. கொழும்பு டொக்டர் அதை அப்படித்தான் விளங்கப்படுத்தினார். மற்றப் பிள்ளைகளின் ரத்தத்தில் தானாக ஊறும் அந்தப் பாதுகாப்பு இவனுடைய ரத்தத்தில் இல்லை. மற்றவர்களிடமிருந்து எடுத்து, சாகும்வரைக்கும் ஏற்றிக்கொண்டிருக்க வேண்டும். பிறகு அவர் ஒரு தாளில் குடும்ப மரம் வரைந்தார். பெண்ணுக்கு வட்டம், ஆணுக்குச் சதுரம். “உங்கட சகோதரர்கள்?” என்று கேட்டார். இரண்டு பேர், அகதி முகாமிலேயே மௌத்தாகிவிட்டார்கள், ஒருவனுக்கு இரண்டு வயது, மற்றவனுக்குப் பத்து மாதம், காதில் சீழ், நெஞ்சில் சளி என்று நிஸ்ரின் சொன்னாள். டொக்டர் தலையாட்டிவிட்டு இரண்டு சதுரத்தையும் பென்சிலால் கறுப்பாக்கினார். தாயால் வரும், ஆண்பிள்ளைக்குப் பிடிக்கும் என்றார்.

நிஸ்ரினின் உம்மா சாகும்வரைக்கும் முகாமின் ஈயையும், மணலையும், ஓலைக் கொட்டிலையும், தங்களை மன்னாரிலிருந்து விரட்டியவர்களையும் ஏசிக்கொண்டிருந்தவள். அந்த ஏச்சு முழுவதையும் அரை நிமிடத்தில் ஒரு பென்சில் முடித்துவைத்தது. டொக்டர் அதை அவ்வளவு லேசாகச் செய்ததை நிஸ்ரினால் மன்னிக்க முடியவில்லை.

‘தாயால் வரும்’ என்ற இரண்டு சொல்லை மட்டும் அவள் புருசன் நளீர் தன் சகோதரியிடம் சொன்னான். ஒரு கிழமைக்குள் கரைத்தீவில் அவர்கள் இருந்த ஒழுங்கை முழுவதும் அது தெரிந்திருந்தது.

இந்த வீட்டு மருந்தும் ஓர் ஆராய்ச்சிதான். முப்பத்தொரு பிள்ளைகள். பாதிப் பேர் மாதத்துக்கு ஒருமுறை ஆஸ்பத்திரியில் நரம்பில் ஏற்றிக்கொள்ள வேண்டும். மற்றப் பாதிக்கு வாரத்துக்கு ஒருமுறை வீட்டில், தோலுக்கடியில். எந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் காய்ச்சல், சளி, வயிற்றோட்டம் குறைவு என்று பார்ப்பார்கள். சீட்டுக் குலுக்கியதில் றிம்ஸானுக்கு வீடு விழுந்தது. அதற்கு முன்னர் விடியுமுன் பஸ் பிடித்து, நான்கு மணித்தியாலம் நின்று, சில மாதம் மருந்து வரவில்லை என்று கேட்டுத் திரும்பி வந்த நிஸ்ரினுக்கு அந்தச் சீட்டு என்னவென்று தெரியும். மருந்து தவறிய ஒரு மாதத்தில் றிம்ஸான் நியுமோனியாவில் பதினொரு நாள் கிடந்தான். வீட்டுப் பக்கத்தில் விழுந்த இடம் போய்விட்டால் மறுபடியும் அதுதான்.

வீட்டுப் பக்கத்தாருக்கு ஒரு கொப்பி கொடுத்திருந்தார்கள். ஒவ்வொரு நாளுக்கும் கட்டங்கள். காய்ச்சல், இருமல், காது, வயிறு. மருந்து ஏற்றினீர்களா? வீட்டுக்குத் தடிமன் உள்ளவர்கள் வந்தார்களா? கொதித்து ஆறிய தண்ணீர் மட்டும் கொடுத்தீர்களா? ஏழு மாதத்தில் நிஸ்ரின் ஒரு கட்டத்தையும் வெறுமையாக விட்டதில்லை. கொழும்பில் மற்றத் தாய்மாரைப் பார்த்திருக்கிறாள். வாசலில் வரிசையில் நின்றபடி ஒரே பேனையால், ஒரே சாய்வில், ஒரு மாதக் கட்டத்தையும் நிரப்புவார்கள். ஆராய்ச்சியில் வேலை செய்யும் நிலுக்சன் ஒரு நாள் இவளுடைய கொப்பியை உயர்த்திப் பிடித்து, “இப்பிடி எழுத வேணும் அக்காமார்” என்றான். அந்த வார்த்தையை அவள் உப்புக் கொட்டிலுக்கும் பஸ்ஸுக்கும் சமையலறைக்கும் கொண்டு திரிந்தாள். யாரிடமும் சொல்லவில்லை. சொல்லத் தகுதியான ஆள் அந்த ஒழுங்கையில் இல்லை என்று நினைத்தாள்.

செவ்வாய்க்கிழமை உப்புக் கொட்டிலில் இருக்கும்போது போன் வந்தது. சோளகக் காற்று பிடித்து அடித்துக்கொண்டிருந்தது. வெளியே பாத்திகளில் தண்ணீர் வற்றி வெள்ளை படிந்திருந்தது. தகரக் கூரை படபடத்ததில் ஒரு காதைப் பொத்திக்கொண்டுதான் கதைக்க வேண்டியிருந்தது.

“அக்கா, நிலுக்சன். ரிப்போட் வந்திட்டுது. ஜியார்டியா எண்டு ஒரு கிருமி. பயப்படாதீங்க, குளிசை இருக்கு, போட்டா சரி வரும்.”

“அல்ஹம்துலில்லாஹ்.”

“இவை மாதிரிப் பிள்ளைகளுக்கு இது லேசில விடாது. அதுதான் எப்பிடி வந்தது எண்டு பார்க்க வேணும். வழமையா தண்ணியாலதான் வாறது. நீங்க தண்ணி...”

“தம்பி,” என்றாள் நிஸ்ரின். பக்கத்தில் பைக்கற்றுக்குச் சீல் வைத்துக்கொண்டிருந்தவள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குக் குரல் உயர்ந்தது. “என்ட கொப்பியப் பாத்திட்டு என்னட்டயா தண்ணியக் கேக்கிறீங்க? நாங்க பல்லு விளக்கிறதும் கொதிச்ச தண்ணியில. மத்த உம்மாமாரக் கேளுங்க. வாசல்ல நிண்டு எழுதுறாங்களே, அவங்களக் கேளுங்க.”

“சரி அக்கா, சரி. வியாழக்கிழமை நான் ஒருக்கா வீட்டுக்கு வாறன். ஒரு போம் இருக்கு, ஒப்பம் வைக்க வேணும்.”

அவன் போனை வைத்த பிறகும் அவளுக்குக் கோபம் அடங்கவில்லை. இந்தப் படித்த பெடியன்களுக்கு ஏழைப் பெண் என்றால் தண்ணீர் கொதிக்க வைக்கத் தெரியாதவள்தான். தராசில் உப்பு கொஞ்சம் கூடுதலாக விழுந்தது. அதை அள்ளித் திரும்பவும் போட்டாள்.

நாலரை பஸ்ஸில் வந்து இறங்கி, றிஸானாவின் வீட்டிலிருந்து பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்தாள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு தகர வேலிதான். பள்ளிக்கூடம் விட்டதிலிருந்து அவள் வேலை முடித்து வரும்வரை றிம்ஸான் அங்கேதான் இருப்பான். காலையில் அவனுடைய பிளாஸ்கை நிரப்பி, மூடியை இறுக்கி, றிஸானாவின் கையிலேயே கொடுத்துவிட்டுப் போவாள். திரும்பும்போது பிளாஸ்க் காலியாக இருக்கும். காலியாக இருப்பதைக் கண்டு சந்தோசப்படுவாள்.

பாணைப் பருப்பில் நனைத்து ஊட்டினாள். இரண்டு வாய்க்குப் பிறகு தண்ணீர் கேட்டான். கேத்திலில் ஆறியிருந்ததை ஊற்றிக் கொடுத்தாள். அவன் ஒரு மிடறு குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தான்.

“இது வேணாம் உம்மா. மாமிட தண்ணி தாங்க.”

“மாமிட தண்ணி எது? நான் தாற தண்ணியத்தானே மாமி தாற.”

“அத மாமி தேசிக்கண்டுக்கு ஊத்துற. பொறகு பிளாஸ்குல ஓதின தண்ணி ஊத்தித் தாற. அது இனிப்பு.” சொன்ன பிறகுதான் அவனுக்கு நினைவு வந்தது. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டான். “உம்மாட்ட சொல்லப்படா எண்டவ.”

நிஸ்ரின் கோப்பையைக் கீழே வைத்தாள். தகர வேலிக்கு அப்பால் தேசிக்கன்று தெரிந்தது, றிஸானாவின் எலுமிச்சை. ஒழுங்கையில் இருந்த எல்லாச் செடியும் உப்புத் தண்ணீரில் இலை கருகி நிற்க, அது மட்டும் பச்சைப் பசேலென்று இருந்தது. ஏழு மாதமாக, நாளுக்கு ஒரு பிளாஸ்க், கிருமியில்லாத தண்ணீர். நல்ல பராமரிப்பு.

றிஸானா முற்றத்தில் ஒரு பலகையில் குந்தி ஓரா மீனுக்குச் செதிள் தட்டிக்கொண்டிருந்தாள். நிஸ்ரின் போய் எதிரில் நின்றாள்.

“என்ன, புள்ளைக்கு ஏலாமப் போயிட்டா?”

“பிளாஸ்குல என்ன தண்ணி ஊத்துற மதினி?”

கத்தி நின்றது. றிஸானா திடுக்கிடவில்லை. இந்தக் கேள்விக்காக நெடுநாள் காத்திருந்தவளைப் போல நிமிர்ந்தாள்.

“பள்ளிவாசல் கிணத்துத் தண்ணி. ஜௌபர் லெப்பை ஓதித் தாற. ஊர்ல ஆருக்கு வயித்து வலி எண்டாலும் அதத்தான் குடிக்கிற.”

“நான் கொதிக்க வெச்சுத் தாறத...”

“கொதிச்சது செத்த தண்ணி. செத்த தண்ணியில ஓதினா ஒட்டுமா? நானும் கொஞ்சம் விசயம் தெரிஞ்சவதான். ஆயிரம் பேர்ர ரெத்தத்த நீ கிழமைக்கிக் கிழமை ஏத்துற. அத உள்ளுக்க கழுவ ஒரு தண்ணி வேணாமா? நீ அவன்ட ஒடம்பப் பாக்கிற. அவன்ட ரூஹ ஆரு பாக்கிற?”

“மூண்டு கிழமையா வயித்தால போகுது. கிருமி எண்டு கொழும்புல சொல்லிட்டாங்க. தண்ணியால வாற கிருமி.”

“அதுக்கு முந்தி ஆறு மாசம் ஒண்டுமே வரல்லையே,” என்றாள் றிஸானா. மீன் செதிள் கன்னத்தில் மினுங்கியது. “காய்ச்சல் இல்ல, காது சீழ் இல்ல. அது ஒண்ட ஊசியாலயா, ஓதின தண்ணியாலயா? சொல்லு பாப்பம். ஒண்ட டொக்டர்மாரக் கேட்டுச் சொல்லு.”

நிஸ்ரினுக்குப் பதில் தெரியும். ஆனால் அந்தக் கேள்வியை இன்னொருவர் கேட்டிருந்தால் கெட்டிக்காரி என்று நினைத்திருப்பாள் என்பதும் தெரிந்தது. அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

“நீங்க என்ட புள்ளைய மௌத்தாக்கப் பாத்தீங்க,” என்றாள். குரல் உயரவில்லை.

“அல்லாஹ்! நளீரு! நளீரு! இவள் சொல்றதக் கேளு!”

நளீர் வரவில்லை. இறால் வலையோடு களப்பில் நின்றான்.

அடுத்த நாள் வேலைக்குப் போகாமல் நிஸ்ரின் பள்ளிவாசல் பக்கம் போனாள். ஜௌபர் லெப்பை வாசலில் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டுச் சங்கிலி மாட்டிக்கொண்டிருந்தார். கையெல்லாம் எண்ணெய்.

“வாங்க மகள். புள்ளைக்குச் சொகமா? ஒங்கட மதினி ராத்தா போன கிழமையும் போத்தல் தந்த.”

“லெப்பை, கொதிக்க வெச்ச தண்ணியில ஓதினா ஒட்டாதா?”

“ஆரு சொன்ன அப்பிடி?” அவர் உண்மையிலேயே ஆச்சரியப்பட்டார். “தண்ணி என்ன தண்ணி எண்டு நான் கேக்கிறல்ல. கொண்டு வாறதுல ஓதுறன். போன மாசம் ஒருத்தர் சோடாப் போத்தலோட வந்தார். அதுலயும் ஓதித்தான் குடுத்த. கொதிக்க வெச்சு, ஆறப் போட்டு, மூடிக் கொண்டு வந்தா எனக்கென்ன?”

“அப்ப அந்தக் கிணத்துத் தண்ணி?”

லெப்பை சுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “இனிக்கும். ஆனா குடிக்க ஏலா மகள். பின்னுக்குக் கக்கூசுக் குழி. நாங்க ஊட்டுக்குப் பில்டர் தண்ணிதான் வாங்குற.”

“அத ஏன் சனத்துக்குச் சொல்லாம இரிக்கிறீங்க?”

“ஒருத்தரும் கேக்கல்லையே,” என்றார் அவர், குற்றமில்லாத முகத்தோடு. சங்கிலி மாட்டிவிட்டது. பெடலைச் சுழற்றிப் பார்த்துத் திருப்திப்பட்டார்.

திரும்பி நடக்கும்போது நிஸ்ரினுக்குள் வழமையான இளக்காரம் ஊறியது. லெப்பைக்கு ஒரு பங்கு, மதினிக்கு ஒரு பங்கு, சகோதரிக்கு எதிராக வாய் திறக்காத புருசனுக்கு ஒரு பங்கு. பாதி வழியில் அது நின்றுபோனது. ஏழு மாதத்தில் ஒரு நாளாவது அந்தப் பிளாஸ்கை முகர்ந்து பார்த்தாளா? மிச்சத்தை வாயில் வைத்துப் பார்த்தாளா? பிள்ளையிடம் ஒரு கேள்வி? இல்லை. காலியான பிளாஸ்கைக் கண்டதும் கட்டத்தில் சரி போட்டாள். வாசலில் நின்று நிரப்பும் தாய்மாருக்குத் தாங்கள் எழுதுவது பொய் என்றாவது தெரியும். தான் முட்டாள் என்று அவள் தன்னைச் சொல்லிக்கொண்டாள். அந்தச் சொல்லில் ஆறுதல் இல்லை. மற்றவர்களுக்குச் சொல்லும்போது இருந்த ருசியும் இல்லை.

நளீர் பகல் சோற்றுக்கு வந்தான். பாரைக் குழம்பைச் சோற்றில் ஊற்றி, அதைப் பிசையாமல் விரலால் கோடு கிழித்துக்கொண்டிருந்தான். சகோதரியிடம் போய்விட்டுத்தான் வந்திருக்கிறான் என்பதை நிஸ்ரின் அதிலேயே கண்டாள்.

“ராத்தா அழுகுது,” என்றான்.

“அழட்டும்.”

“கெட்டதுக்குச் செஞ்சதா? புள்ளைக்கு நல்லதுக்கு எண்டு...”

“தேசிக்கண்டுக்கு நல்லது நடந்திரிக்கி.”

அவன் சிரிக்கத் தொடங்கி நிறுத்திக்கொண்டான். “இஞ்ச பாரு நிஸ்ரின். நாளைக்கு அந்தத் தம்பி வந்தா இதக் கதைக்காத. கொதிச்ச தண்ணிதான் எண்டு கொப்பியில இரிக்கி. அப்பிடியே இரிக்கட்டும்.”

“ஏன்?”

“சொன்னா, கொழும்புக்காரங்க என்ன சொல்வாங்க? இந்த ஊட்டுல மருந்து ஏத்த ஏலா, சுத்தமில்ல எண்டுவாங்க. றிம்ஸானத் திரும்ப ஆஸ்பத்திரிப் பக்கம் போடுவாங்க. மருந்து இல்லாத மாசம் என்ன செய்யிற? நீதானே அந்தப் பதினொரு நாளும் பாத்த.”

இது அவனுடைய சொந்த யோசனை இல்லை. ஆனால் பிழையான யோசனையும் இல்லை.

“மத்தது, ராத்தாட பேர் வெளியில வரப்படா. அரசாங்கக் கச்சேரிப் புத்தகத்துல எழுதின மாதிரி எழுதி வெச்சிருவாங்க. மன்னார்ல இருந்து வரக்குள்ள எனக்கு அஞ்சு வயசு. இடுப்பில தூக்கிக்கொண்டு வள்ளத்துல ஏறினது ராத்தாதான். தண்ணியில விழப் போனன், மயிரப் புடிச்சு இழுத்தது.”

அந்த வள்ளம். முப்பத்தைந்து வருடமாக இந்த வீட்டு வாசலில் நிற்கிறது. அவன் சம்பளத்தில் பாதி அதில் ஏறிப் போயிருக்கிறது. இவளுடைய அலுமாரிச் சாவி போனது. இன்று பிள்ளையின் வயிறும் அதில் ஏறிவிட்டது. நிஸ்ரின் மனதில் இதைச் சொல்லி முடித்துவிட்டுப் புருசனைப் பார்த்தாள். வெயில் சுட்ட கழுத்து. உப்பேறிய புருவம். ஐந்து வயதில் பயந்த முகத்தை அவன் இன்னும் மாற்றவில்லை என்று தோன்றியது. இரக்கம் வந்தது. அதுவும் சுத்தமான இரக்கமாக இல்லை.

“சோத்தத் தின்னுங்க, ஆறுது,” என்றாள்.

வியாழன் இரண்டு மணிக்கு நிலுக்சன் வந்தான். வடக்குப் பக்கத்துப் பெடியன், இருபத்தாறு வயதிருக்கும். சோளகம் வாரிவிட்ட மணலில் தலைமயிர் மஞ்சளாகியிருந்தது. றிஸானா முந்திக்கொண்டு வந்து கதிரையைத் துடைத்துப் போட்டாள், வட்டிலாப்பம் வெட்டி வைத்தாள், கரண்டியைத் தன் முந்தானையில் துடைத்துக் கொடுத்தாள். நளீர் சுவரோடு சாய்ந்து நின்றான். றிம்ஸான் குளிசை தொடங்கிய களைப்பில் உள்ளே படுத்திருந்தான்.

நிலுக்சன் பையிலிருந்து போமை எடுத்தான். ஒரு பக்கம் இங்கிலீசு, மறுபக்கம் தமிழ். “பெரிசா ஒண்டுமில்ல அக்கா. கொப்பியில எழுதினதெல்லாம் உண்மை, அறிவுரையெல்லாம் ஒழுங்காப் பின்பற்றினம் எண்டு. இதில ஒரு ஒப்பம்.”

“உண்மை இல்ல தம்பி,” என்றாள் நிஸ்ரின்.

றிஸானாவின் கை முந்தானையில் நின்றது. நிஸ்ரின் சொல்லத் தொடங்கினாள். பிளாஸ்க், கிணறு, தேசிக்கன்று. யாருடைய பெயரையும் சொல்லவில்லை. “நான் வேலைக்குப் போற நேரம்” என்று மட்டும் சொன்னாள். ஏழு மாதமும் தண்ணீர்க் கட்டத்தில் தான் போட்ட சரி எல்லாம் பிழை என்றாள். நிலுக்சன் பேனையை மூடினான், திறந்தான், திரும்ப மூடினான்.

“அக்கா,” என்றான் கடைசியில், “நீங்க இத என்னட்டச் சொல்லேல்ல எண்டு வைப்பம்.”

“சொல்லிட்டனே.”

“இல்ல, கேளுங்க. இத எழுதினா, உங்கட கொப்பி ஏழு மாசமும் செல்லாது. ஏற்கனவே மூண்டு குடும்பம் விட்டிட்டுப் போயிட்டுது. மேலுக்க இருக்கிறவை என்னைத்தான் கேப்பினம், நீ என்னத்தப் பாத்தனி எண்டு. பிறகு கமிட்டி ஒண்டு இருக்கு. இந்த வீடு சரி வராது எண்டு தம்பியை ஆஸ்பத்திரிப் பக்கம் மாத்தச் சொல்லலாம். சொல்லுவினம் எண்டு நான் சொல்லேல்ல. சொல்லலாம்.”

“பாத்தியா,” என்றாள் றிஸானா மெதுவாக.

“எழுதாம விட்டா?” என்றாள் நிஸ்ரின்.

“விட்டா ஒரு கரைச்சலும் இல்ல. எல்லாம் ஒழுங்காச் செய்தும் கிருமி வந்திட்டுது எண்டு போகும். தம்பி வீட்டுப் பக்கத்திலயே இருப்பார். அடுத்த மாச மருந்தும் வரும்.”

“எல்லாம் ஒழுங்காச் செஞ்சும் வந்த எண்டா, பிழை ஆர்ர?”

நிலுக்சன் தோளைக் குலுக்கினான். “ஒருத்தர்ரயும் இல்ல அக்கா. வீட்டு மருந்து காணாது, போதாது எண்டு ஆராய்ச்சிக் கணக்கில ஒரு புள்ளி விழும். ஒரு புள்ளிதானே.”

“படிச்ச தம்பி,” என்றாள் றிஸானா, கண்ணில் நீரோடு. “அல்லாஹ் ஒங்களுக்கு நல்ல வழி காட்டட்டும். வட்டிலாப்பத்தத் தின்னுங்க.”

அவனும் தின்றான். நிஸ்ரின் இரண்டு பேரையும் பார்த்தாள். ஒருத்தி எழுதப் படிக்கத் தெரியாதவள், மற்றவன் பல்கலைக்கழகம் முடித்தவன். இதுநாள் வரை அவள் ஒருத்தியைக் கீழேயும் மற்றவனை மேலேயும் வைத்திருந்தாள். அவன் உயர்த்திப் பிடித்த கொப்பிக்காக அவனை மேலே வைத்தாள். இப்போது வட்டிலாப்பத்துக்கு முன்னால் இரண்டு பேரும் ஒரே உயரத்தில் இருந்தார்கள். ஒரு புள்ளி. மருந்து காணாது என்று ஒரு புள்ளி. அந்தப் புள்ளியைப் பார்த்துவிட்டு யாரோ ஒரு டொக்டர், பென்சிலோடு, வீட்டு மருந்து சரிவராது, எல்லாரும் ஆஸ்பத்திரிக்கு வாருங்கள் என்று அரை நிமிடத்தில் சொல்வார்.

அவளை உறுத்தியது அதுவும் இல்லை. முப்பது பிள்ளைகளுக்காக நியாயம் பேசுமளவுக்குத் தான் நல்லவள் இல்லை என்று அவளுக்குத் தெரியும். அவள் றிஸானாவின் முகத்தைத்தான் கவனித்தாள். இரண்டு நாளாக அதில் இருந்த பயம் கழன்றுகொண்டிருந்தது. தண்ணீர் கொதித்தது என்று தாளில் இருந்தால், அந்தத் தண்ணீர் ஒன்றும் செய்யவில்லை. தண்ணீர் ஒன்றும் செய்யவில்லை என்றால், செய்தவளும் இல்லை. இந்தக் குளிசை முடிந்து, றிம்ஸானின் முகத்தில் கொஞ்சம் சதை பிடித்ததும், பள்ளிக் கிணற்றிலிருந்து ஒரு போத்தல் வரும். அப்போது எதைச் சொல்லித் தடுப்பாள்? தன் கையெழுத்தே அந்தத் தண்ணீருக்குச் சாட்சி சொல்லும்.

“வை புள்ள,” என்றான் நளீர். அவன் கெஞ்சும்போது மட்டும் இப்படிக் கூப்பிடுவான். “றிம்ஸானுக்காக வை. ஒரு ஒப்பந்தானே.”

“யோசிச்சுச் சொல்லுங்க அக்கா,” என்றான் நிலுக்சன். “நான் ஒண்டும் கட்டாயப்படுத்தேல்ல.” ஆனால் பேனையைத் திறந்து அவள் பக்கம் நீட்டியபடியே இருந்தான்.

அவள் பேனையை வாங்கினாள். றிஸானா நீளமாக ஒரு மூச்சு விட்டாள். நிஸ்ரின் போமின் தமிழ்ப் பக்கத்தை மேலிருந்து கீழ்வரை, ஒரு சொல்லையும் விடாமல் வாசித்தாள். மூன்று பேரும் காத்திருந்தார்கள். வாசித்து முடித்துப் பேனையை மூடினாள். அதைத் தாளின் மேல் வைத்து, இரண்டையும் சேர்த்து, வட்டிலாப்பக் கோப்பைக்குப் பக்கத்தில் மெல்லத் தள்ளினாள்.

“இதுல நான் ஒப்பம் வெக்க மாட்டன் தம்பி,” என்றாள். “கொதிக்காத தண்ணி எண்டு எழுதின தாள் இரிந்தா தாங்க.”